பதினாலு குறையுள்ள போர்வை

எங்க வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் ஒரு தையல் ஃபேக்டரியில சட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தே சம்பளம் வாங்கி, போன வருஷம் ரிட்டயர் ஆனவரு. வெட்டுறது ஒருத்தர், தைக்கிறது ஒருத்தர், தேய்ச்சு மடிக்கிறது இன்னொருத்தர். இவரு வேலை, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அதுல குறை கண்டுபிடிக்கிறது. குறை இருக்கிற இடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாரு, தைச்சவன் மேஜைக்கே திருப்பி அனுப்புவாரு. ஃபேக்டரியில இவரு பேரு அம்புக்காரர். யாரும் மூஞ்சிக்கு நேரா கூப்பிட்டதில்ல. ஆனா இவருக்குத் தெரியும், தெரிஞ்சு உள்ளுக்குள்ள பெருமை வேற.

அந்த அம்பு ஃபேக்டரியோட நின்னுச்சான்னா இல்ல. ஒரு சுருள் சட்டைப் பையில வீட்டுக்கும் வரும். ஜன்னல் திரை ஒரு விரல் தூக்கிட்டு நின்னா அதுல ஒரு அம்பு. கழுவி வச்ச தட்டுல கறை இருந்தா அதுல ஒரு அம்பு. ஒரு நாள் எங்க கல்யாண ஃபோட்டோவுல என் மூக்குக்குப் பக்கத்துல ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. கேட்டா, ஃபோட்டோ சாய்ஞ்சு தொங்குதாம், அதுக்காம். நான் அதை நம்பணுமாம்.

நானும் சும்மா உக்காந்திருக்கிறவ இல்ல. ஆஸ்பத்திரியில சீட்டு குடுக்கிற மேஜை என்னோடது. ஒரு நாளைக்கு இருநூறு பேரு வந்து என் தலையை உருட்டுவாங்க, இருநூறு பேரையும் சமாளிச்சு அனுப்பிடுவேன். இந்த ஒரு மனுஷனைச் சமாளிக்கத்தான் முப்பது வருஷமா முடியல.

எங்களுக்கு ஒரே பொண்ணு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அவ வந்து, அப்பா ஃபேக்டரியில காலர் தைக்கிறவரைத்தான் கட்டிக்கப் போறேன்னு சொன்னா. இவரு எழுந்தாரு, கையைக் கழுவினாரு, போய்ப் படுத்துட்டாரு. மறுநாள் ஃபேக்டரியில அந்தப் பையன் தைச்ச சட்டைக் கட்டைப் பிரிச்சு, அறுபது சட்டையையும் எல்லாரும் பாக்கத் தரையில கொட்டி, "ஒரு தையல் நேரா போடத் தெரியல, இவன் குடும்பம் நடத்தப் போறானாம்"னு சொல்லியிருக்காரு. அந்தப் பையன் ஒவ்வொரு சட்டையா பொறுக்கி, கட்டி, மேஜை மேல வச்சிட்டு வெளிய போனவன்தான். அப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. அடுத்த மாசம் ரெண்டு பேரும் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஊரோட அந்தக் கோடியில, ரெண்டு பஸ் மாறிப் போற தூரத்துல, வீட்டு முன்னறையிலயே மூணு மெஷின் போட்டுத் தையல் கடை வச்சிருக்காங்கன்னு கேள்வி.

ரெண்டு வருஷம். ஃபோன்ல பேசுவேன், அவ்வளவுதான். நேர்ல பாக்கல.

அப்புறம் ஒரு நாள் பொண்ணு ஃபோன் பண்ணி, ஆறு மாசம்மான்னு சொன்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இப்பவே கிளம்பி வர்றேன்னேன். அவ நிதானமா சொன்னா: "வந்தா ரெண்டு பேரும் சேந்து வாங்கம்மா. அப்பாவுக்குத் தெரியாம, நீ மட்டும் திருட்டுத்தனமா வந்துட்டுப் போறதா இருந்தா வேண்டாம். எங்க வீட்டுக்கு அப்படி யாரும் வர வேண்டாம்." அப்பனோட பிடிவாதம் அப்படியே. ஒரு நூல் கூடக் குறையல.

அப்ப என் பாடு என்ன? என் பொண்ணை நான் பாக்கணும்னா இந்த மனுஷன் அந்த வாசப்படி ஏறணும். வேற வழியே கிடையாது.

அன்னிக்கே சொல்லிட்டேன். நாலாவது நாள் காலையில, "வெறுங்கையோட எப்படிப் போறது"ன்னாரு. எனக்கு வந்த சந்தோஷத்துல அவரைக் கடைக்கு இழுத்துட்டுப் போனேன், குழந்தைக்கு ஒரு போர்வை வாங்கலாம்னு. அங்க தொங்கின ஒவ்வொரு போர்வையையும் இவரு திருப்பிப் பின்பக்கம் பாத்தாரு. ஒவ்வொண்ணுலயும் நூல் பிசிறு, கோணல், தையல் விட்டுப் போன இடம். விற்கிற பொண்ணுக்கு எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னாரு. பதினோராவது போர்வையில அம்பை எடுத்து ஒட்டவே ஆரம்பிச்சிட்டாரு. கடைக்காரர் வந்து, ஐயா நீங்க வேற கடை பாருங்கன்னு மரியாதையா வெளிய அனுப்பிட்டாரு. தெருவுல நின்னுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் அறிவிச்சாரு, "நானே தைக்கிறேன்."

இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு பட்டன் தைச்சதில்ல. இவரு சட்டைக்கு பட்டன் தைக்கிறது நான். அதுலயும் குறை சொல்றது இவரு.

சாதாரணப் போர்வையும் இல்லையாம். சின்னச் சின்னத் துண்டா துணி வெட்டி, கட்டம் கட்டமா சேத்து, நடுவுல பஞ்சு வச்சு, அடியில ஒரு துணி குடுத்து, மூணையும் ஒண்ணாத் தைக்கிற ஒட்டுப் போர்வை. அனுபவப்பட்ட கையே தடுமாறுற வேலை. சரி, ஏதோ ஒண்ணு, போகத் தயாராயிட்டாரேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். பிரசவத்துக்கு மூணு மாசம் இருந்துச்சு.

முதல் மாசம் முழுக்கத் திட்டம். ஒரு ஃபைல் வாங்கினாரு. கட்டம் போட்ட தாள்ல ஆறுக்கு எட்டு, நாப்பத்தெட்டுக் கட்டம் வரைஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டாரு. எந்த நிறத்துக்குப் பக்கத்துல எந்த நிறம் வரக்கூடாதுன்னு தனியா ஒரு பக்கம். தையல் ஓரத்துலேருந்து கால் இன்ச்சுல இருக்கணும், அதுல எவ்வளவு கூடக்குறைய இருந்தா மன்னிக்கலாம்னு இன்னொரு பக்கம். யாரை யாரு மன்னிக்கிறது? தைக்கப் போறதும் இவரு, பாக்கப் போறதும் இவரு. துணி சுருங்குதான்னு மூணு தடவை துவைச்சு, மூணு தடவை காயப்போட்டு, மூணு தடவை அளந்தாரு. சாயம் போகுதான்னு என் வெள்ளைப் புடவையோட சேத்து ஊற வச்சாரு. போச்சு. புடவை போச்சு. அதையும் ஃபைல்ல எழுதிக்கிட்டாரு.

அஞ்சு வாரம் கழிச்சும் ஊசியில நூல் ஏறல. ஃபைல் மட்டும் கர்ப்பிணி மாதிரி உப்பிப் போயிருந்துச்சு. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. குழந்தை பொறந்து, வளந்து, வேலைக்குப் போய் ரிட்டயர் ஆகுறப்பவாவது போர்வை வருமான்னு கேட்டேன். அவசரத்துல தைச்சா அது அவசரமாத்தான் இருக்கும்னு பதில் சொன்னாரு. முப்பத்தோரு வருஷம், நாள் கணக்கு முடியணுமேன்னு அவசரத்துல தைச்சவங்க உயிரை வாங்கினவரு பேசுற பேச்சு இது.

கடைசியா என்னோட பழைய மெஷினைத் தூசி தட்டி முன்னாடி இழுத்துப் போட்டாரு. நூல் கோக்கவே ஒரு மத்தியானம் ஆச்சு. முதல் வரிசை எட்டுக் கட்டத்தையும் சேத்துத் தைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு. ஆத்துல அடிச்சுட்டுப் போன கயிறு மாதிரி ஒரு தையல். கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, "யாருய்யா இதைத் தைச்சது"ன்னு சத்தம் போட்டாரு. நான் அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்தேன். வீட்டுல வேற யாரும் இல்ல. தானே போட்ட தையலுக்குத் தானே அம்பு ஒட்டி, தானே பிரிச்சு, தானே முணுமுணுத்துக்கிட்டு மறுபடி தைச்சாரு. மறுபடி பிரிச்சாரு. முதல் வரிசைக்கே ஒம்பது நாள்.

அப்புறம் திடீர்னு ஒரு சட்டம் ஞாபகம் வந்துடுச்சு. தைச்சவனே செக்கிங் பண்ணக் கூடாதாம். ஃபேக்டரி விதி. அதனால என்னைச் செக்கிங்குக்குப் போட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? முப்பது வருஷமா என் சமையலுக்கும் என் திரைக்கும் என் மூக்குக்கும் அம்பு ஒட்டின மனுஷன், தைச்ச துணியை எடுத்துட்டு வந்து என் முன்னாடி கையைக் கட்டி நிக்கிறாரு. பழி தீர்க்கணும்னா இதைவிட நல்ல நேரம் வராது. ஆனா ஒவ்வொரு அம்புக்கும் என் பொண்ணு ரெண்டு நாள் தள்ளிப் போறாளே. பல்லைக் கடிச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் சரி, சரி, பிரமாதம்னு சொன்னேன். ரெண்டாவது வரிசையிலயே, பாக்காமலே சரிங்கிறன்னு என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாரு. வேற ஆள் கிடைக்காததால சாயங்காலமே திரும்பச் சேத்துக்கிட்டாரு.

ஒரு விஷயம் ஒத்துக்கணும். போகப் போக அவரு கை படிஞ்சுது. ஒரு நாள் பாத்தேன், மெஷினை நிறுத்திட்டு முதுகைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. "நாள் பூரா இப்படிக் குனிஞ்சே இருப்பாங்களா?"ன்னு என்னைக் கேட்டாரு. முப்பத்தோரு வருஷம் தைக்கிறவங்களுக்கு நடுவுலதான் நடந்தாரு.

பிரசவத்துக்குப் பதினஞ்சு நாள் இருக்கிறப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போர்வை முடிஞ்சுது. நல்லாத்தான் இருந்துச்சு. பச்சையும் மஞ்சளும் நீலமுமா, கட்டம் கட்டமா, தொட்டா மெத்துனு. நான் அப்பவே பையை எடுத்துப் புடவை அடுக்க ஆரம்பிச்சேன். அடுத்த நாள் லீவுன்னு ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு. திரும்பிப் பாத்தா, இவரு ஒரு சீட்டுல "சாம்பிள்"னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, போர்வை மூலையில ஊசியால குத்தி, பீரோவுல வச்சுப் பூட்டுறாரு.

என்னங்க இதுன்னேன். முதல் உருப்படி எப்பவும் வெளிய போகாதாம். அது சாம்பிளாம். ஃபேக்டரியிலயே இருக்கணுமாம். அதைப் பாத்து, அதே மாதிரி தைக்கிற அடுத்த உருப்படிதான் போகுமாம். அதுக்கு அதே துணி வேணும், அந்தத் துணி கடையில தீந்து போச்சாம், வர மூணு வாரம் ஆகுமாம்.

நான் ஆஸ்பத்திரியில கூட அப்படிக் கத்தினதில்ல. ஃபேக்டரி எங்கடா இருக்கு இங்கன்னு கேட்டுட்டேன். ஆமா, "டா" போட்டுத்தான் கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துற சத்தம் கேட்டுச்சு. திட்டம், சுருக்கம், சாயம், சாம்பிள், எல்லாம் சாக்குப்போக்கு, நீங்க போகாம இருக்கத்தான் தைக்கிறீங்க, என்னத்துக்குப் பயப்படுறீங்க, வாயைத் தொறந்து சொல்லுங்கன்னு பிடிச்சு உலுக்கிட்டேன்.

அவரு பீரோ சாவியை உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரொம்ப மெதுவா, "அவன் திருப்பிப் பாப்பான்"னாரு.

அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கும் கத்த வரல. அறுபது வயசு மனுஷன், மாப்பிள்ளை கண்ணுக்கும் ஒரு போர்வையோட பின்பக்கத்துக்கும் பயந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பாவமாவும் இருந்துச்சு, நாலு போடலாம் போலவும் இருந்துச்சு. அன்னிக்கு எதுவும் பண்ணாம பையைப் பிரிச்சுப் புடவையைத் திரும்ப அடுக்கினேன்.

குழந்தை எந்தச் சாம்பிளுக்கும் காத்திருக்கல. பத்து நாள் முன்னாடியே பொறந்துடுச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணினா. பொம்பளைப் புள்ள, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னா. அவ எதுவுமே கேக்கல, வாங்கன்னு கூடச் சொல்லல. ஆயிரம் பேரோட புள்ளைக்குச் சீட்டு எழுதின கை இது. என் பொண்ணுக்கு எழுத முடியல.

நேரா போய்ச் சாவியைப் பிடுங்கி பீரோவைத் திறந்தேன். அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு போர்வையை அவரு மடியில வச்சேன். "நான் தனியா போனா அவ கதவு திறக்க மாட்டா. பயமா இருந்தா பயந்துக்கிட்டே வாங்க. ஆனா வாங்க"ன்னேன். மனுஷன் மூஞ்சியில ஈயாடல. ஆனா எழுந்து செருப்பை மாட்டினாரு. ரெண்டு பஸ்ஸுலயும் போர்வை வச்ச பையை மடியை விட்டு இறக்கல, என்கிட்டயும் குடுக்கல.

சின்ன வீடு. முன்னறையில மூணு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவத்துல வரிசையா நூல்கண்டு. மாப்பிள்ளை ஏதோ பாவாடை தைச்சுக்கிட்டு இருந்தவரு, எங்களைப் பாத்ததும் மெஷினை நிறுத்திட்டு எழுந்து நின்னாரு. வாங்க மாமா, வாங்க அத்தைன்னாரு. சிரிக்கவும் இல்ல, முறைக்கவும் இல்ல. உள்ளறை வாசல்ல என் பொண்ணு குழந்தையோட நின்னா. நான் ஓடியே போயிட்டேன். இளைச்சிருந்தா. நான் அவ தோள்ல சாஞ்சு அழுதேன், இதுல மறைக்க என்ன இருக்கு.

பின்னாடி எங்க வீட்டுக்காரர் பையிலேருந்து போர்வையை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டுறது தெரிஞ்சுது. குழந்தைக்கு, நானே தைச்சேன்னாரு. மாப்பிள்ளை வாங்கிக்கிட்டாரு. திருப்பிப் பாக்கல. நல்லா இருக்கு மாமான்னு சொல்லிட்டு அழகா மடிச்சு மேஜை மேல வச்சிட்டாரு.

விஷயம் அதோட முடிஞ்சிருக்கணும். வேற மனுஷனா இருந்தா அப்பாடான்னு உக்காந்திருப்பான். இவரால முடியல. திருப்பிப் பாக்காம ஒரு துணி பாஸ் ஆகுறதை இவரு ஆயுசுல பாத்ததில்ல. ரெண்டாவது வரிசையில மூலை சேரலன்னு ஆரம்பிச்சாரு. அஞ்சாவது கட்டத்துல தையல் ஓரத்துக்கு இறங்கிடுச்சு, பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கு, அடித்துணியில சுருக்கம்னு வரிசையா சொல்லிக்கிட்டே போனாரு. யாரும் விசாரிக்கல, இவராத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. மொத்தம் பதினாலு குறைன்னு முடிச்சாரு. நெத்தியில வேர்வை.

மாப்பிள்ளை எல்லாத்தையும் கேட்டுட்டு, தாழ்ந்த குரல்ல கேட்டாரு:

"அன்னிக்கு என் கட்டுல எத்தனை இருந்துச்சு மாமா?"

என் பொண்ணு என் கையைப் பிடிச்சா. நான் மனசுக்குள்ள, ஐயோ, இதோ எழுந்து வெளிய போகப் போறாருன்னு நினைச்சேன்.

"ஒண்ணு"ன்னாரு எங்க வீட்டுக்காரர்.

அதோட விடல, இவரே மேல சொன்னாரு:

"அறுபதுல ஒண்ணு. கடைசிச் சட்டையில தையல் விட்டிருந்துச்சு. அதுவும் உன் கை பண்ணினதில்ல. ஊசி வளைஞ்சிருக்கு, மாத்தணும்னு காலையிலயே என்கிட்ட வந்து சொன்ன. நான்தான் மத்தியானம் பாக்கலாம்னு விட்டேன். தெரிஞ்சேதான் கொட்டினேன்."

ரெண்டு வருஷமா என்கிட்ட சொல்லாத விஷயம். பக்கத்துல படுத்து எழுந்திரிச்ச எனக்கே தெரியாது. எனக்கு அவரு மேல வந்த கோபத்துக்கு அளவே இல்ல, அதே நேரத்துல ஓடிப்போய்ப் பக்கத்துல நிக்கணும் போலவும் இருந்துச்சு.

"எனக்கும் தெரியும் மாமா"ன்னாரு மாப்பிள்ளை. "நீங்களே சொல்லணும்னுதான் காத்திருந்தேன்."

பரவால்லன்னு அவரு சொல்லல. மறந்துட்டேன்னும் சொல்லல. ஒரு நாற்காலியை இழுத்து, உக்காருங்கன்னு போட்டாரு. இவரு உக்காந்தாரு. அப்புறம் மாப்பிள்ளை கையை நீட்டிப் போர்வையை எடுத்தாரு. பிரிச்சு, மேஜையில விரிச்சு, பின்பக்கம் திருப்பினாரு. விளக்கைக் கீழ இழுத்து, தையலை விரலால தடவிக்கிட்டே மேலேருந்து கீழ வந்தாரு. எங்க வீட்டுக்காரர் மூச்சு விடாம பாத்துக்கிட்டு இருந்தாரு.

"பதினாலு இல்ல மாமா. பதினாறு."

"இருக்காது. எங்க?"

"இங்க ஒண்ணு. இதோ, இந்த ஓரத்துல ஒண்ணு."

எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நாற்காலியோட நகந்தாரு. ஓரத்துல இருக்கிறது குறை இல்ல, துணியோட நெசவுன்னாரு. நெசவுன்னா அடுத்த கட்டத்துலயும் வந்திருக்கணுமே மாமான்னாரு மாப்பிள்ளை. ரெண்டு தலையும் மேஜை மேல குனிஞ்சிடுச்சு. எந்த நூல் போட்டீங்க, மெஷின்ல நூல் இழுவை எவ்வளவு வச்சீங்கன்னு மாப்பிள்ளை கேள்வி கேக்க, இவரு ஒவ்வொண்ணுக்கும் ஸ்கூல் பையன் மாதிரி பதில் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இந்த மனுஷன் இன்னும் பேத்தி மூஞ்சியையே பாக்கல. குழந்தை வேற அழ ஆரம்பிச்சிடுச்சு. என்னங்க, குழந்தை, குழந்தைன்னு கூப்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, "இரு"ன்னாரு. அதே நேரத்துல மாப்பிள்ளையும் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் அத்தை"ன்னாரு.

நான் என் பொண்ணைப் பாத்தேன். அவ கண்ணுல தண்ணி நிக்குது, வாய் சிரிக்குது. குழந்தையை என் கையில குடுத்துட்டு, அவங்களுக்குக் கேக்காம சொன்னா:

"ரெண்டு வருஷமா உன்கிட்ட சொல்லலம்மா. இவரும் வீட்டுல இப்படித்தான்."